கேட்டுக்கு அங்குட்டு

காரைக்குடியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் குடியிருப்பு. அதற்கு முறையாக ஒரு பெயர் உண்டு. பஞ்சாயத்துப் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்குள் எங்களைக் 'கேட்டுக்கு அங்குட்டு' என்றார்கள். அதைச் சொல்லும்போது முகவாயை லேசாகத் தூக்கித் திசை காட்டுவார்கள். அதற்குக் கையை நீட்டுவதுகூட அதிகம் என்று நினைப்பு.

எங்களுக்கு மதுரையும் சென்னையும் தூரம். காரைக்குடிதான் பட்டணம். பட்டணம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றி நாலு ஒட்டு இருக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். மில்லுப் பக்கத்து ஆளை வேலைக்கு வைத்தால் சங்கம் பேசுவான். காலேஜ் பக்கத்து ஆள் வீட்டுக்குப் போனால் காப்பி கொடுக்காமல் பேச்சைக் கொடுத்தே அனுப்பிவிடுவான். காளவாசல் பக்கத்துப் பெண்கள் வாய்க்காரிகள், மாமியாரை அடிப்பார்கள். கேட்டுக்கு அங்குட்டு இருப்பவன் திருடன், இல்லாவிட்டால் சாராயம் காய்ச்சுகிறவன். இரண்டும் இல்லையென்றால் இன்னும் மாட்டாதவன்.

சாராயம் காய்ச்சினார்களா என்றால், காய்ச்சினார்கள். மதுவிலக்கு இருந்த காலம். சீமைக்கருவேலங் காட்டுக்குள் இரண்டு வீட்டு ஆட்கள் ஊறல் போட்டார்கள். மற்ற வீடுகளில் தச்சு வேலை, கொத்து வேலை, ரயிலடியில் மூட்டை தூக்குகிற வேலை. காய்ச்சியதைக் குடிக்க யார் வந்தார்கள்? கேட்டுக்கு இங்குட்டு இருந்தவர்கள்தான் வந்தார்கள். பொழுது சாயும்போது துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். அதில் ஒருவர் எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார். மறுநாள் வகுப்பில் எவனுடைய பேனாவாவது காணாமல் போனால், அந்த வாத்தியார் முதலில் என் பையைத்தான் கொட்டச் சொல்வார். வாயில் வெற்றிலை மணக்கும். எதற்காக மென்றார் என்று எனக்குத் தெரியும்.

டவுன் பஸ் கேட்டு வரைக்கும் வந்து திரும்பிவிடும். மற்ற இடங்களில் "இறங்குங்க, இறங்குங்க" என்கிற கண்டக்டர் கடைசியில் "கேட்டெல்லாம் எறங்கு" என்பார். என்னைவிட வயதில் மூத்தவர்களையும் அப்படித்தான் சொல்வார்.

என் அப்பா தச்சர். ஊருக்குள் பெரிய பெரிய வீடுகளில் கதவு, ஜன்னல், அலமாரி வேலை பார்த்தார். பத்தாம் வகுப்பில் தேறாமல் போனபின் நானும் அவருடன் போனேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பா தன் சாக்குப் பையை வாசலில் கவிழ்ப்பார். உளி, இழைப்புளி, வாள், சுத்தியல் எல்லாம் தரையில் விழும். வீட்டுக்கார ஆச்சி வந்து பார்ப்பார்கள்.

"எல்லாம் ஒன்னோடதுதானே?"

"எல்லாம் நம்மளோடதுதான் ஆச்சி."

"சரி, அள்ளிக்க."

எங்களோடு அதே வீட்டில் வேலை பார்த்த இன்னொரு தச்சர் ஊருக்குள் குடியிருந்தார். அவர் பையைக் கவிழ்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன்.

"அவுக கேக்குறதுக்கு முந்தி நீங்களே ஏன்ப்பா கொட்டுறீக?"

"அவுக கேட்டுக் கொட்டுனா அசிங்கம்டா. நானாக் கொட்டுனா பழக்கம்" என்றார்.

அம்மா பிறந்தது ஊருக்குள், நகை வேலை செய்கிற வீட்டில். அவளுக்கு ஒரே அண்ணன். என் மாமா. கடைத்தெருவை ஒட்டிய சந்தில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது அப்பாவும் ஊருக்குள்தான் வாடகைக்கு இருந்தார். நான் பிறந்தபின், சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று, மலிவாகக் கிடைத்த மனையைக் கேட்டுக்கு அங்குட்டு வாங்கி வீடு கட்டினார். அன்றோடு மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது.

பகை ஒன்றும் இல்லை. அம்மா அவர் வீட்டுக்குப் போவாள், வருவாள். பொங்கலுக்குச் சீர் அனுப்புவார். கரும்பு, அரிசி, வெல்லம், பானை எல்லாம் குதிரை வண்டியில் வந்து கேட் கீப்பர் கொட்டகையில் இறங்கும். அங்கிருந்து அப்பா தூக்கி வருவார்.

"இந்தா, ஒங்கண்ணன் சீரு கூட்ஸ் வண்டியில வந்திருக்கு, எறக்கிக்க" என்பார்.

அம்மா சிரிக்கமாட்டாள்.

மாமா வராததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் எந்த வீட்டில் நகை காணாமல் போனாலும், அது கேட்டுக்கு அங்குட்டுப் போய்விட்டது என்பார்கள். அங்கே போன நகையை உருக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் எந்தப் பத்தர் அந்தப் பக்கம் போய்வருகிறார் என்று பார்ப்பார்கள். போலீசும் அப்படித்தான் பார்த்தது. நகை வேலை செய்கிறவனை நம்பித்தான் தங்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு சொல் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். இது தெரிந்ததனால் அம்மா ஒரு வருஷம்கூட அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஆனால் மனசில் வைத்திருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் அப்பா செத்தார். ஒரு வீட்டில் நிலைக்கதவைத் தூக்கி மாட்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். கேட் மூடியிருந்தது. ரயில் போகும் வரை பிணத்தோடு வெயிலில் நின்றோம்.

சுடுகாடு ஊர்ப்பக்கம் இருந்தது. மாமா நேராக அங்கே வந்துவிட்டார். முழங்காலில் தலையை வைத்து அழுதார். பொய் அழுகை இல்லை. என் தோளைப் பிடித்து, "மாப்ள, நான் இருக்கேன்டா" என்றார். பிறகு அங்கேயே குளித்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒங்க மாமா வந்தாகளா?"

"சுடுகாட்டுக்கு வந்தாக."

"அங்குட்டு வந்தாக, சரி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்தால், கருமாதி அன்று பிறந்த வீட்டு அண்ணனோ தம்பியோ கோடிச் சேலை கொண்டுவந்து அவள் தோளில் போடவேண்டும். கோடி விழுந்தால் அவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியும். விழாவிட்டால் அவள் நாதியற்றவள். அதற்குப் பிறகு அவளை யாரும் ஒரு பேச்சுப் பேசலாம்.

கருமாதிக்கு முந்தின வாரம் குதிரை வண்டிக்காரர் வந்து சேதி சொன்னார். வாசலிலேயே நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்கண்ணன் கோடி எடுத்து வச்சிட்டாராம். அன்னைக்குக் காலையில கேட்டுக் கொட்டகைக்கு வந்துருவாராம். நீங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு அதுவரைக்கும் வந்தீகன்னா, அங்கேயே போட்டுருவாராம்."

அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் அவள் சத்தமாகப் பேசியதே இல்லை. அன்று பேசினாள்.

"சீரு கேட்டுல எறங்குச்சு, வாங்கிக்கிட்டேன். கரும்பும் பானையும்தானே. எனக்குக் கோடியும் கேட்டுலயா? கூட்ஸ் வண்டியா நான்? வீட்டுக்குள்ள வந்து போட்டா கட்டிக்கிறேன். இல்லாட்டி எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு இருந்துட்டுப் போறேன். போய்ச் சொல்லுங்க."

"நான் எப்படிம்மா இதைச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். இவன் சொல்லுவான்" என்று என்னைக் காட்டினாள்.

நான் மறுநாளே மாமாவின் பட்டறைக்குப் போனேன். உமிக் கரியில் நெருப்புப் போட்டு ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு பெரிய வீட்டுக் கணக்கப்பிள்ளை பாயில் உட்கார்ந்து, மாமா பற்றவைத்து ஒட்டுகிற வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பது அவர் வேலை. என்னைப் பார்த்ததும் மாமா ஊதுகுழலை வைத்துவிட்டு எழுந்து, என்னைச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். நான் நகரவில்லை. அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"மெதுவாப் பேசு மாப்ள."

"ஏன் மெதுவாப் பேசணும்?"

"போன வருசம் ஒரு வீட்டுல காசுமாலை காணாமப் போச்சு. எந்தப் பத்தன் கேட்டுக்கு அங்குட்டுப் போறான்னுதான் மொதல்ல கேட்டாங்க. எனக்குச் சோறே பேருதான்டா. ஒங்கம்மாவுக்கு அது தெரியும்."

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"ஒரு எட்டு கேட்டு வரைக்கும் வந்தா என்னடா கொறஞ்சுபோகும்?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

"தாலி எறக்குன பொம்பளை தெருவுல நடந்து வந்து, தண்டவாளத்துல நின்னு கோடி வாங்கணுமா? கேட்டுக்கு அங்குட்டு இருக்கிறது ஒங்க கூடப் பொறந்தவ மாமா. வருவீகளா, மாட்டீகளா?"

கணக்கப்பிள்ளை வளையலிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஒம்ம தங்கச்சி அங்குட்டா இருக்கு? சொல்லவே இல்லையே" என்றார்.

மாமா திரும்பிப்போய் உட்கார்ந்தார். நெருப்பு அடங்கியிருந்தது. அதை மறுபடி ஊதி எழுப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வர்றேன். போ" என்றார்.

நான் கத்தியது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. அவர் தங்கையை மறைத்தார். நான் சொன்னேன். அவ்வளவுதான்.

கருமாதி அன்று காலையில் அவரை அழைத்துவரக் கேட்டுக்குப் போனேன். அன்று பார்த்து ஒரு சரக்கு வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கேட்டைத் திறக்கவே இல்லை. மாமா தாம்பாளத்தில் சேலை, வெற்றிலைபாக்கு, பூ வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மாமியும் நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள், வண்டிக்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் கேட் திறக்கக் காத்திருந்தார்கள். ஊர் பாதி அங்கே நின்ற மாதிரி இருந்தது. மாமாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பத்தரே, அங்குட்டா? காலங்காத்தாலயே தாகமா?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் அந்த ஆளின் சைக்கிளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். மாமா கண்ணால் என்னை அடக்கினார். தாம்பாளத்தின் மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சேலை வெளியே தெரிந்தது.

"தங்கச்சி வீட்டுக்கு. கோடி போடப் போறேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. ஜவுளிக்கடைக்காரர், "அடடா, தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் தெருவுக்குள் மாமா பாம்புப் புற்று இருக்கிற இடத்தில் நடப்பதுபோல் நடந்தார். தாம்பாளத்தை மாமியிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையால், பணம் முடிந்திருந்த இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். மாமா தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் வைத்தார். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"செருப்பு அங்கேயே கெடக்கும்ணே. யாரும் எடுக்கமாட்டாக" என்றாள்.

மாமா முகம் சுருங்கிவிட்டது. செருப்பை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

கோடி போட்டார். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவ்வளவு அழவில்லை. தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மாமா சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் வாங்கினார். போகும்போது, அப்பா செய்த கதவைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலைக்காரன்" என்றார். அடிக்கடி வருவதாகச் சொன்னார். அம்மா நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

சில மாதம் கழித்து ஊருக்குள் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். கூட்டம் கலைந்தபின் ஒரு வைர அட்டிகையைக் காணோம் என்றார்கள். போலீஸ் வழக்கம்போல எங்கள் பக்கம் வந்தது. வீடு வீடாகப் பானையை உருட்டினார்கள். கிடைத்த ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அது எங்களுக்குப் பழக்கம். பிறகு, எந்தப் பத்தர் கேட்டுக்கு அங்குட்டுப் போனார் என்று ஊருக்குள் விசாரித்தார்கள். சொல்வதற்கு ஆளா இல்லை? கேட்டில் ஊர் பாதி நின்று பார்த்ததே.

காலையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் விட்டார்கள். அடித்தார்களா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பட்டறையில் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு அட்டிகை அந்தக் கல்யாண வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்று பேச்சு வந்தது. யார் வைத்தார்கள், எங்கே கிடைத்தது என்று எவரும் சொல்லவில்லை. பெரிய வீட்டு விஷயம் என்றால் அதோடு நின்றுவிடும். மாமா விஷயம் நிற்கவில்லை.

முதலில் அந்தக் கணக்கப்பிள்ளை வந்து, "அவசரமாத் தேவைப்படுது" என்று அரைகுறையாகச் செய்திருந்த நகையை வாங்கிப் போனார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். ஒருவரும் மாமாவைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லபடியாகப் பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த பொங்கலுக்குள் பட்டறை மூடிவிட்டது. மாமா குடும்பத்தோடு மதுரைக்குப் போய், ஒரு நகைக்கடையின் மாடியில் கூலிக்கு உட்கார்ந்தார். போகும்போது எங்களிடம் சொல்லவில்லை. அம்மா கேள்விப்பட்டுப் போனபோது வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்தவள், "என் தோளுல ஒரு சேலை விழுகணும்னு எங்கண்ணன் அடுப்ப அணைச்சிட்டேன்" என்றாள்.

"நீ அணைக்கல. ஊரு அணைச்சிச்சு" என்றேன்.

"ஊரையா போய்க் கேக்க முடியும்?" என்றாள்.

எழுபதுகளில் மதுவிலக்கை எடுத்தார்கள். கடைத்தெருவிலேயே சாராயக்கடை வந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு வந்தவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு போய்க் குடித்தார்கள். எங்கள் காட்டில் ஊறல் போட்டவர்களுக்கு வேலை இல்லாமல் போய், ஒருவர் கட்டை வெட்டப் போனார், இன்னொருவர் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போனார். சாராயம் ஊருக்குள் போய்விட்டது, சரி. பெயரும் கூடவே போயிருக்க வேண்டாமா? பெயர் மட்டும் எங்களிடமே நின்றது.

எனக்குப் பெண் பார்த்தார்கள். ஊருக்குள் ஒருவரும் கேட்டுக்கு அங்குட்டுப் பெண் கொடுக்கவில்லை. காளவாசல் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம் என்று தரகர் சொன்னார்.

"அந்தப் பக்கமா? வேணாம்ப்பா. மாமியாரை அடிக்கிற ஊரு" என்றாள் அம்மா.

"நீயுமா இதைச் சொல்ற?" என்று கத்தினேன்.

"நான் சொல்லாட்டி எவன் சொல்லுவான்? எனக்குத்தானே அடி விழுகும்" என்றாள். இதற்கு என்ன செய்வது? கடைசியில் எங்கள் தெருவிலேயே ஒரு கொத்தனார் வீட்டுப் பெண்ணைப் பேசி முடித்தார்கள்.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டும். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் அவர்தான். "நீ நேருல போய்ப் பத்திரிகை வைடா. வந்துருவாக" என்று அம்மா என்னை மதுரைக்கு அனுப்பினாள். நகைக்கடை மாடியில் வரிசையாக ஆட்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமாவை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தார். இது யார் என்று மேஸ்திரி கேட்டதற்கு மாமா, "நம்ம ஊருப் பையன்" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

மாடிப்படியில் நின்று பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். மெதுவாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இங்க என் ஊரு குன்றக்குடின்னுதான் சொல்லி வச்சிருக்கேன் மாப்ள. காரைக்குடின்னா எந்தத் தெருன்னு கேப்பான். காரைக்குடியிலிருந்து வந்துபோற ஆளுக இங்க நெறைய. நீ இதை எடுத்துட்டுப் போயிரு. எவன் கண்ணுலயாச்சும் பட்டா வம்பு. பட்டது போதும்."

"அம்மா ஒங்கள எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும் மாமா."

"தெரியும்."

என்னிடம் அவரைத் திட்ட ஒரு சொல்லும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கத்திய வாய் இது. நான் கீழே இறங்கும்போது, "ஒங்கம்மா நல்லா இருக்காளா?" என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அண்ணன் என்ன சொன்னாக?" என்றாள்.

"பாக்குறேன்னாக."

பத்திரிகையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் மதுரைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்துபோனது. அம்மா வாசலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள். அடுத்த வண்டி மத்தியானம்தான். முகூர்த்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும். எதிர்வீட்டில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருந்தார். அம்மாவை 'ஆத்தா' என்று கூப்பிடுவார். வேறு ஆள் இல்லாததால் அவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்தினார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, மாலையைக் கையில் வைத்தபடி, "கொஞ்சம் பாப்பமா ஆத்தா? ஒங்கண்ணன் வந்துட்டார்னா…" என்று இழுத்தார்.

"போடுங்க. நேரமாச்சு" என்றாள் அம்மா.